காற்றுப் புகாத பெட்டி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, முட்டி வலி மட்டும் கூப்பிடாத விருந்தாளியாக வந்து போகிறது. நீயும் மாப்பிள்ளையும் பேரனும் சுகமாக இருக்கிறீர்கள் என்ற நம்பிக்கையில் இதை எழுதுகிறேன். போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

அம்மாவின் வீடியோக்களை எல்லாம் ஏற்றி நீ அனுப்பிய சின்னக் கம்ப்யூட்டரை டிவி பக்கத்தில் வெறுமனே வைக்க மனசு வரவில்லை. அம்மாவின் தையல் மெஷின் மேசையில் மடக்குப் பலகை கழன்று கிடந்ததே, அதை அறுத்து ஒரு பெட்டி செய்தேன். முப்பத்தொரு வருஷம் பேக்கிங் செக்‌ஷனில் மெஷின்களுக்கு மரப்பெட்டி அடித்தவன், கை சும்மா இருக்குமா. மூலைக்கு மூலை பசை, உள்ளே கம்பளித் துணி, வயர் போகிற ஓட்டையைச் சுற்றிக்கூட மெழுகு. என் பெட்டிக்குள் எறும்பு நுழையாது என்று சூப்பர்வைசரே சொல்வார். கம்ப்யூட்டரை உள்ளே வைத்து மூடி, வீடியோவைப் போட்டுப் பார்த்தால் கால் மணி நேரம்தான் ஓடியது, உன் வீட்டு மொட்டை மாடிக்கு அம்மா படியேறி வருகிற இடத்தில் படம் நின்றுவிட்டது. பெட்டி மேல் கை வைத்தால் கொதிக்கிறது. உள்ளே இருப்பதெல்லாம் கருகிவிட்டதோ என்று பதறிப்போய் உனக்குப் போன் போட்டேன். நீ சிரித்துக்கொண்டே, ஏம்ப்பா, அதுக்கு மூச்சு விட வழி வச்சீங்களா இல்லையா என்று கேட்டாய். லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்திருப்பாய். கட்டாகவில்லை மகளே, நான்தான் வைத்துவிட்டேன்.

உன்னிடம் ஒன்றை மறைத்திருக்கிறேன். அம்மாவின் கடைசி நாட்களில், நீ வந்து சேர்வதற்கு இரண்டு நாள் முன்பு, அவள் என்னிடம், அந்த ஜன்னலைக் கொஞ்சம் திறங்களேன், மூச்சு முட்டுது என்றாள். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. தெருவில் பள்ளம் தோண்டி ஒரே தூசி, இருமல் கூடிவிடும் என்று நான் திறக்கவில்லை. இடுக்கில் துணி வேறு வைத்து அடைத்தேன். அதற்கப்புறம் அவள் கேட்கவே இல்லை. திறந்திருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இருக்கலாம். ஆனால் அவள் கேட்டாளே, நான் கொடுக்கவில்லையே. அதுதான் நெஞ்சை அறுக்கிறது.

மறுநாள் மெழுகைச் சுரண்டி, துணியைப் பிய்த்து, பெட்டியின் அடியிலும் முதுகிலும் வரிசையாகத் துளை போட்டேன். அம்மாவின் காலி நூல்கட்டைகள் நாலைக் காலாக ஒட்டித் தூக்கி வைத்திருக்கிறேன், பார்க்க நண்டு மாதிரி இருக்கிறது, நீ சிரிப்பாய். இப்போது நிற்காமல் ஓடுகிறது. அம்மா மாடிக்கு வந்துவிட்டாள். முந்தானை பறக்க, அப்பாடா, என்னா காத்து, நீங்களும் வாங்களேன் என்று என்னைப் பார்த்துக் கூப்பிடுகிறாள். தினம் அதுவரைக்கும் பார்த்துவிட்டு அணைத்துவிடுகிறேன்.

ஜன்னல் விஷயம் படித்து உனக்கு என்ன தோன்றுகிறதோ, திட்டுவதாக இருந்தாலும் எழுது. பேரனுக்குச் சளி பிடிக்கும் என்று எல்லாவற்றையும் இழுத்துச் சாத்தி வைக்காதே. மூன்று பேரும் நூறு வருஷம் நல்லா இருங்கள். இங்கே எல்லா ஜன்னலையும் திறந்துதான் வைத்திருக்கிறேன், வீடு முழுக்கத் தூசி.

உன் அப்பா