கடைசிப் பந்தியில் முழங்காலிட்டவளுக்கு

தங்கச்சி,

நம் ஆலயத்தில் இனிப் பந்தி வரிசை கிடையாது. இராப்போஜனத்துக்கு யார் எழுந்து வருகிறார்களோ, வந்தபடியே முழங்காலிடலாம். நேற்று ஆராதனை முடிந்ததும் வாசல் பலகையில் ஒட்டியிருந்த அறிவிப்பு இப்படிச் சொல்கிறது. கீழே சபைக் காரியதரிசியின் கையெழுத்து. அவரிடமே கேட்டு உறுதி செய்துகொண்டேன். பசை அப்போது காயவில்லை. மைதாக் கஞ்சியின் புளித்த வாடை அடித்தது. முதுகு கிழிந்த உன் வேதப் புத்தகத்தை நீ அதே கஞ்சி போட்டு ஒட்டி, மேலே அம்மிக்குழவியை ஏற்றி வைத்துவிட்டு டியூட்டிக்குப் போன நாள் ஞாபகம் வந்தது.

அறிவிப்பில் காரணமும் போட்டிருக்கிறார்கள்: நெரிசலைத் தவிர்க்கும் பொருட்டு. நம் ஆலயத்தில் நெரிசல்! கிறிஸ்மஸ் அன்றுகூடப் பின் பெஞ்சில் காலை நீட்டி உட்காரலாம். இருபத்தைந்து வருடமாக அறிவிப்புகளைப் படித்துச் செய்தி எழுதுகிறவன் நான். சொல்ல வெட்கப்படுகிற காரணத்தை மறைக்க எந்த மாதிரி வார்த்தை வரும் என்று எனக்குத் தெரியும். உன் பெயர் அதில் இல்லை. ஆனால் சபைப் பதிவேட்டில் இருக்கிறது, பக்கத்தில் 'ஒழுங்கை மீறியவர்' என்ற குறிப்போடு. அதை எடுக்கச் சொல்லித்தான் மனுக் கொடுத்திருக்கிறேன்.

பழைய வரிசை உனக்குத் தெரிந்ததுதான். முதல் பந்தியில் உத்தியோகஸ்தர்கள், பிறகு மற்ற ஆண்கள், பிறகு நம் வீட்டுப் பெண்கள். எல்லாரும் குடித்து முடித்த திராட்சரசப் பாத்திரம் கடைசியாகப் போவது பாயில் உட்கார்ந்திருக்கும் நாலைந்து குடும்பத்துக்கு. நகரத்தைக் கூட்டிப் பெருக்குகிற குடும்பங்கள். இந்த வரிசை எங்கே எழுதியிருக்கிறது என்று பழைய தீர்மானப் புத்தகங்களை முழுக்கப் புரட்டினேன். எங்கும் இல்லை. எழுதாத ஒழுங்கைத்தான் நீ மீறினாயாம்.

சுதந்திரம் வந்த மறுவருடம் நீ அரசாங்க ஆஸ்பத்திரியில் தொற்றுநோய் வார்டுக்கு மாற்றப்பட்டாய். அந்த வார்டைக் கழுவித் துடைப்பவள் சாராள், கொள்ளேகால் பக்கத்துக்காரி, நம் ஆலயத்தின் பாயில் உட்காருகிறவள். ஒருநாள் சாப்பிடும்போது நீ கேட்டாய்: "அண்ணா, வார்டுல சாராள் முதல்ல போய் வாந்தியை அள்ளிக் கழுவுனப்புறம்தான் நான் ஊசியை எடுத்துட்டுப் போறேன். அங்க நான் அவங்களுக்குப் பின்னாடி. கோயில்ல மட்டும் எப்படி முன்னாடி ஆனேன்?"

"சும்னே சாப்பிடு," என்றேன். எனக்குப் பதில் தெரியாதபோது கன்னடம்தான் வரும் என்று நீ கேலி செய்தாய்.

உன் பழக்கம் எனக்குத் தெரிந்ததால்தான் பயம். நஞ்சன்கூடு போகும் முதல் ரயிலின் ஊதல் கேட்டதும் நம் வீட்டில் ஜெபம். வேதத்தில் நாளுக்கு ஓர் அதிகாரம், வரிசை தப்பாமல். வாசிப்பவன் நான். ஜெபம் முடிந்ததும் நானும் உன் அண்ணியும் காபிக்கு எழுந்துவிடுவோம். நீ மட்டும் ஒரு நிமிடம் அப்படியே உட்கார்ந்திருப்பாய். கேட்ட அதிகாரத்தில் இன்றைக்குச் செய்ய முடிந்தது எது என்று யோசிப்பாய். பொழுது சாய்வதற்குள் அதைச் செய்தும் விடுவாய். மன்னிக்கச் சொன்ன அதிகாரம் வந்த அன்று, உன்னைத் திருடி என்று சொன்ன வார்டு மேட்ரன் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினாய். அந்த அம்மாள் பயந்துபோய் வேலைக்காரியைக் கூப்பிட்டாளாம். "இயேசு சொன்னார்னு தலையாட்டிட்டு எழுந்து போறதுக்கு ரேடியோ போதுமே அண்ணா," என்பாய்.

முதல் முயற்சியில் நீ தவறு செய்தாய். அதை மறைக்க மாட்டேன். ஒரு இராப்போஜன ஞாயிறு, பெண்கள் பந்தி எழும்போது நீ நேராகப் பாய்க்குப் போய்ச் சாராளின் கையைப் பிடித்து முன்னால் இழுத்தாய். அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் கையை உதறினாள். வெளியே வேப்பமரத்தடியில் அவள் சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

"என்னைய இழுக்காதீங்க சிஸ்டரு. நீங்க ஊட்டுக்குப் போயிருவீங்க. நாளைக்குக் குழாயடியில அவங்க என்னையத்தானுங்க கேப்பாங்க. கையைப் புடிச்சு இழுத்துட்டுப் போறதுக்கு நான் என்ன கன்னுக்குட்டியா?"

நீ அழுதாய். நான் சந்தோஷப்பட்டேன், இத்தோடு விட்டுவிடுவாய் என்று. அதையும் மறைக்கவில்லை.

அடுத்த மாதம் இராப்போஜனத்துக்கு முந்தின நாள். லூக்காவில் பதின்மூன்றாம் அதிகாரம் முடிந்திருந்தது. அடுத்ததில் என்ன இருக்கிறது என்று முன்னாலேயே பார்த்து வைத்திருந்தேன்: விருந்துக்குப் போனால் முதல் இடத்தைத் தேடாதே, கடைசி இடத்தில் போய் உட்கார் என்பது. ரயில் ஊதியது. நான் இரண்டு தாள்களைச் சேர்த்துப் புரட்டிப் பதினைந்தை வாசிக்கத் தொடங்கினேன்.

"அண்ணா, பதினாலு எங்க?"

"நேத்தே ஆச்சு."

"நேத்து பதிமூணு. கோழி குஞ்சுகளைச் சேர்த்துக்கிறது நேத்துத்தான் வந்தது."

உன் அண்ணி சிரிப்பை அடக்கத் தலையைக் குனிந்துகொண்டாள். நான் பதினைந்தில் வருகிற, காணாமல் போன ஆட்டைத் தேடிப் போகிறவனை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். நீ கையை நீட்டிப் புத்தகத்தை வாங்கினாய். "உங்க பேப்பர்ல வேணும்னா பத்தியை வெட்டிக்கோங்க. இதுக்கு எடிட்டர் நீங்க இல்ல." பதினாலாம் அதிகாரத்தை முதல் வசனத்திலிருந்து நீயே வாசித்தாய். குரலை உயர்த்தவில்லை.

மறுநாள் யாரையும் இழுக்கவில்லை. பெண்கள் பந்தி எழுந்தபோது நீ எழவில்லை. பாய்க்காரர்கள் எழுந்தார்கள், அவர்களுக்கும் பின்னால் போய், சாராளின் இடப்பக்கம், வரிசையின் கடைசியில் முழங்காலிட்டாய். போதகர் ஐயாவின் கை நின்றது. சாராள் குடித்த பாத்திரம் உன்னிடம் வந்தது. துடைக்கத் துணியை எடுத்தார். நீ அதற்கு முன் வாயை வைத்துவிட்டாய்.

அந்த வாரமே சபைக் கமிட்டி கூடியது. மன்னிப்பு எழுதிக் கொடுக்கும்வரை உனக்கு இராப்போஜனம் இல்லை என்றார்கள். வீட்டுக்கு வந்து சொன்ன மூப்பரிடம் நீ கேட்டது ஒரே கேள்வி: "யாரிடம் மன்னிப்பு ஐயா? சாராளிடம் கேட்டாச்சு. அன்னிக்குக் கையைப் பிடிச்சு இழுத்ததுக்கு." அவர் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நீ எழுதவில்லை. ஆலயத்துக்கு வருவதையும் நிறுத்தவில்லை. பாயில் உட்கார்ந்தாய். பாத்திரம் போகும், வரும், நீ பார்த்துக்கொண்டிருப்பாய். அடுத்த மாதமே சாராள் பந்திக்கு எழவில்லை. "சிஸ்டருக்கு இல்லாத பந்தி எனக்கும் வேண்டாமுங்க," என்று போதகரிடமே சொன்னாள். பிறகு பாய் முழுக்க உட்கார்ந்தே இருந்தது. இரண்டு வருடம், தங்கச்சி. கடைசிப் பந்திக்கு ஆள் இல்லாத ஆலயத்தில் கமிட்டி எந்த வரிசையைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது என்று இன்றும் எனக்குப் புரியவில்லை. நான் மட்டும் அந்த இரண்டு வருடமும் இரண்டாம் பந்தியில் போய்க் குடித்துவிட்டு வந்தேன். நீ ஒருநாளும் அதைப் பற்றி என்னிடம் பேசவில்லை. பேசியிருந்தால் லேசாக இருந்திருக்கும்.

வார்டிலிருந்து டைபாய்டை நீ கொண்டுவந்த பிறகு, பன்னிரண்டாம் நாள் எல்லாம் முடிந்தது.

போன வாரம் காரியதரிசி என் பத்திரிகை ஆபீசுக்கே வந்தார். மனுவைக் கமிட்டி பார்த்ததாம். "ஒண்ணும் கஷ்டமில்ல சார். அறியாமல் செஞ்சாள்னு ஒரு வரி எழுதிக் கொடுங்க. குறிப்பை எடுத்துடறோம், ஆயித்து. போனவங்களுக்காக யாரும் சண்டை போடுவாங்களா?"

"அவள் அறிஞ்சுதான் செஞ்சாள். அதிகாரத்தை நான் மறைச்சும் தேடி எடுத்து, வாசிச்சு, ஒரு ராத்திரி முழுக்க யோசிச்சுச் செஞ்சாள்."

"ஏன் பெருசு பண்றீங்க? ஒரே வார்த்தை."

"நான் வார்த்தையால பிழைக்கிறவன் ஐயா. அதனாலதான்."

அவர் காகிதத்தை மேஜையில் விட்டுப் போனார். அதில் இப்படி எழுதி அனுப்பிவிட்டேன்: குறிப்பை நிபந்தனை இல்லாமல் எடுக்க வேண்டும். எடுக்க மனமில்லையென்றால் அப்படியே இருக்கட்டும். ஆனால் என்ன ஒழுங்கு, எப்படி மீறினாள் என்பதையும் பக்கத்திலேயே எழுத வேண்டும். படிக்கிறவர்கள் தீர்ப்புச் சொல்லிக்கொள்வார்கள்.

இப்போதும் நாளுக்கு ஓர் அதிகாரம்தான். முடிந்ததும் நான் காபிக்கு எழுவதில்லை. எனக்கு உன் வேகம் வராது. சில நாள் பொழுது சாய்ந்த பிறகும் செய்யாமல் கிடக்கும். மறுநாள் அதையும் சேர்த்துச் செய்யப் பார்க்கிறேன்.

கமிட்டி ஈஸ்டருக்கு அடுத்த சனிக்கிழமை மாலை நாலு மணிக்குக் கூடுகிறது. முடிவு அன்றே சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். சாராளும் வருகிறாள். வாசலில் நிற்க மாட்டாளாம், உள்ளே வந்து நாற்காலியில் உட்காருவாளாம். அவளுக்கும் ஒரு நாற்காலி போடச் சொல்லி இன்று காலை ஆள் அனுப்பினேன். பதில் இன்னும் வரவில்லை.