பெரி என்றால் கனி

12 ஆகஸ்ட் 1990, ஞாயிறு

குவைத்திலிருந்து இன்றும் தகவல் இல்லை. சண்டை தொடங்கிப் பத்து நாள் ஆகிறது. அப்பா அங்கே தண்ணீர் லாரி ஓட்டுகிறார். ஓட்டினார் என்று எழுத மாட்டேன்.

பூசை முடிந்ததும் அம்மா மாதா முன்னால் முழங்காலில் விழுந்தாள். “அவரை உசுரோட கொண்டாந்து சேத்துடு தாயே. என் முதல் கனியக் கன்னியர் மடத்துக்கே குடுத்துடுறேன்.”

பக்கத்தில் இருந்தவர்கள் அழுதார்கள். பிறகு எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். முதல் கனி நான்தான். தம்பி ஜோஸ்வா இரண்டாவது.

13 ஆகஸ்ட்

என்னை யாரும் கேட்கவில்லை.

19 ஆகஸ்ட்

தூக்கம் வரவில்லை. அம்மா விழித்துவிடுவாளோ என்று பயந்து பயந்து எழுதுகிறேன்.

அப்பா சாமியார் படிப்புக்குப் போய் மூன்றாம் வருடம் திரும்பியவர். கொல்லையில் கொய்யாக் கன்று நட்ட அன்று ஒரு எபிரேயச் சொல் சொல்லித் தந்தார். “‘பெரி’ன்னா கனி. ‘பாரா’ன்னு ஒரு வேர்ச்சொல்லு, காய்க்கிறது, பெருகுறதுன்னு அர்த்தம். அதுலேருந்து வந்தது. மரத்துல தொங்குறதும் பெரி, வயித்துல பொறக்குறதும் பெரி, பாடுபட்டதுக்குக் கிடைக்கிற பலனும் பெரி. மூணு வருசம் படிச்சதுல மிஞ்சினது இவ்வளவுதான்” என்று சிரித்தார்.

அடுத்த வாரம் விமானம் ஏறினார். இரண்டு வருடமாகிறது.

3 செப்டம்பர்

எதிர்வீட்டு செபஸ்தியம்மாள் அத்தை: “என்ன சிஸ்டரம்மா, இப்பவே மூஞ்சியத் தொங்கப் போட்டாச்சா?”

வகுப்பில் ஜெயபாரதி: “மடத்துல முடிய வெட்டிடுவாங்களாடி? புது ரிப்பன் உனக்குத் தரலாம்னு இருந்தேன். வேஸ்ட்டாயிடும்.”

சிரித்தேன். வீட்டுக்கு வந்து அழுதேன். பத்தாவது பரீட்சை முடிந்ததும் அனுப்பிவிடுவார்களாம்.

5 செப்டம்பர்

ஜெபமாலை சொல்லும்போது ‘அப்பா வரணும்’ என்ற இடத்தில் வாய் மட்டும் அசைகிறது. அவர் வந்தால் நான் போகணும். நான் போகாம இருக்கணும்னா — ஐயோ, நான் என்ன பிள்ளை?

8 செப்டம்பர், மாதா பிறந்தநாள்

இன்று ஜெபத்தை முழுசாகச் சொல்லிவிட்டேன். வரட்டும். நான் போறேன். அப்பா வந்தா போதும்.

30 செப்டம்பர்

வந்துவிட்டார்! ஜோர்டானில் அம்மான் நகரத்திலிருந்து விமானம், பம்பாயிலிருந்து ரயில். பூதலூர் ஸ்டேஷனில் ஒரே ஒரு பையோடு இறங்கினார். தாடி. கன்னம் ஒட்டிப்போயிருந்தது. ஜோஸ்வாவுக்கு அடையாளம் தெரியவில்லை.

இரவு அம்மா வேண்டுதலைச் சொன்னாள். அப்பா சாப்பாட்டில் கை வைத்தபடியே இருந்தார்.

2 அக்டோபர்

நேற்று இரவு சுவருக்கு அந்தப் பக்கம் அப்பாவின் குரல். “என்னையும் எங்கம்மா இப்படித்தான் நேர்ந்து விட்டாங்க, ஜூலி. உன் கனிய நீ குடுக்கலாம். அவ இனிமே காய்க்கப்போறதையும் சேத்து நீ எப்படிக் குடுப்ப?”

“குடுத்த வாக்கு என்னாவுறது? நீங்க உசுரோட வந்திருக்கீங்கல்ல?”

காலையில் அப்பா வாய்க்கால் கரைக்குக் கூட்டிப்போனார். “உனக்குப் போவணுமாம்மா?”

முதன்முதலாக ஒருவர் கேட்கிறார். “வேணாம்ப்பா.” அவ்வளவுதான் வந்தது.

9 அக்டோபர்

அம்மா பேசுவதில்லை. தலை மட்டும் பின்னிவிடுகிறாள்.

14 அக்டோபர், ஞாயிறு

கொய்யாவில் முதல் கனி. அப்பா வந்துதான் பறிக்கணும் என்று எங்களை அந்த மரத்துப் பக்கமே விடாதவள் அம்மா. இன்று விடியலில் அவளே பறித்தாள். அப்பாவுக்குக் கூடக் கொடுக்கவில்லை. முந்தானையில் துடைத்து, என்னையும் கூட்டிக்கொண்டு கோவிலுக்கு நடந்தாள்.

மாதா முன்னால் அதை என் கையில் தந்தாள். “நீயே வையி.”

குனிந்து வைத்தேன். நிமிர முடியவில்லை. என் தாவணி நுனி அம்மாவின் கைக்குள் இறுகியிருந்தது. வீடு வந்து சேரும்வரை அவள் அதை விடவில்லை.