சந்தனம் பூசிய கைப்பிடி

நேற்று திண்டிவனத்தில் புதுப் பல் செட்டைக் காட்டப் போயிருந்தேன். கீழ்வரிசை ஈறில் உரசுகிறது என்றதும் டாக்டர் அதைக் கழற்றி, சின்ன மிஷினில் ஓரத்தைத் தேய்த்தார். பிளாஸ்டிக் சூடேறும் வாடை மூக்கில் ஏறியது. பொக்கை வாயோடு உட்கார்ந்திருந்த எனக்குக் கண் கலங்கிவிட்டது. வலிக்கிறதா என்று கேட்டார். ஆமாம் என்றேன். பல்லே இல்லாதவனுக்கு என்ன வலி என்று அவர் கேட்கவில்லை, நல்ல மனிதர்.

விழுப்புரத்தில் உன் லேப் முழுக்க அந்த வாடைதான். நீ செய்து கொடுத்த செட்டு உரசினால் ஒருநாளும் ஒப்புக்கொள்ள மாட்டாய். என் ஈறுதான் கோணல் என்பாய். அந்தச் செட்டு உடைந்துபோய்விட்டது. அதைச் சொல்லித் திட்டு வாங்க நீயும் இல்லை.

பொய்ப்பல் செய்கிறவன் நீ, போட்டோ ஸ்டுடியோக்காரன் நான். மற்றவர்கள் ஞாயிற்றுக்கிழமை சீட்டு ஆடினார்கள். நாம் உன் லேபில் உட்கார்ந்து, ஆன்லைன் ஏலத்துக்கு வரும் பழங்காலக் கத்திகளைப் பார்த்தோம். வாங்குவதற்கு அல்ல, குறை சொல்வதற்கு. தந்தக் கைப்பிடி என்று போட்டிருந்தால் உனக்கு உற்சாகம் தாங்காது. "அசலா இருந்தா கேஸு, போலியா இருந்தா பேஜாரு. இதப் போயி எவன்டா வாங்குவான்?" என்று சிரிப்பாய். ஆனாலும் வாங்குகிறவன் இருந்தான். யாராவது நம்மிடம் கேட்டால் வேண்டாமென்று சொல்லி, அவர்களுடைய கோபத்தையும் வாங்கிக் கட்டிக்கொண்டோம்.

படத்தைப் பார்ப்பது என் வேலை. மூன்று வெவ்வேறு குடும்பங்களின் பரம்பரைச் சொத்து என்று போட்டிருக்கும் கத்திகள் ஒரே ஜமக்காளத்தின் மேல் கிடப்பதை நான் கண்டுபிடிப்பேன். கைப்பிடியின் அடிமுகத்தை மட்டும் மங்கலாக எடுத்திருந்தால் அதையும் சொல்வேன். பொருளைப் பார்ப்பது உன் வேலை. தந்தத்தின் வெட்டுமுகத்தில் கோடுகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டி வலைபோல ஓடும், போலியில் ஸ்கேல் வைத்து இழுத்தாற்போல ஒரே பக்கம் போகும் என்று நீதான் காட்டினாய். துரு, பள்ளத்திலும் முனையிலும் ஒரே நிறமாக இருந்தால் அமிலத்தில் முக்கியது என்பாய். விற்பவர் எழுதியிருக்கும் கதையைப் படிக்கவே விடமாட்டாய். கதை நீளமாக இருந்தால் சரக்கு புதுசு என்பது உன் கணக்கு.

உன் வீட்டுக் கூடத்திலும் ஒரு கத்தி தொங்கியது. மில் முதலாளியிடம் டிரைவராக இருந்த உன் அப்பாவுக்கு, வேலையை விட்டு நின்ற அன்று முதலாளி தன் கையால் கொடுத்தது. யானைத் தந்தம் என்று வருகிறவர்களிடமெல்லாம் அவர் சொல்வார். ஆயுத பூஜையன்று உன் மிஷின்களோடு அதையும் வைத்து, நீயே சந்தனம் பூசிப் பொட்டு வைப்பாய். அவர் போன பிறகும் அது நிற்கவில்லை. லென்ஸ் வைத்து ஒரு தடவை பார்க்கிறேன் என்று நான் எத்தனையோ முறை கேட்டேன். "அது அப்பாதுடா. அதுல பாக்கறதுக்கு இன்னா கீது?" என்று பேச்சை மாற்றிவிடுவாய். எட்ட நின்று பார்த்தே நான் அசல் என்று முடிவு கட்டியிருந்தேன். சித்திர வேலையின் இடுக்குகளில் மஞ்சள் இறங்கியிருந்த விதம் அப்படி. டீத்தண்ணீரில் ஊறவைத்தால் அந்த நிறம் வராது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டும் திரிந்தேன்.

நீ போன பிறகு, ஒருநாள் உன் மகள் அதைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு என் ஸ்டுடியோவுக்கு வந்தாள். முகம் வெளுத்திருந்தது. உன் மருமகன் அதை ஏலத்துக்குப் போட்டிருக்கிறார், யானைத் தந்தம், பரம்பரைச் சொத்து என்று நீளமாக எழுதி. தந்தம் விற்பது குற்றம், வனத்துறைக்குச் சொல்லிவிடுவேன் என்று எவனோ மெசேஜ் அனுப்பியிருக்கிறான். "இது நெஜமா இருந்தா எங்க வூட்டுக்காரர புடிச்சிக்கினு போயிடுவாங்களா மாமா?" என்றாள்.

முதலில் ஏலத்திலிருந்து எடுக்கச் சொன்னேன். மருமகன் போனிலேயே எடுத்துவிட்டார். பிறகு கத்தியை மேஜை விளக்கின் கீழே வைத்து, ஈரப் பஞ்சால் இடுக்கைத் துடைத்தேன். மஞ்சள் பஞ்சோடு வந்தது. முகர்ந்தேன், சந்தனம். வருஷா வருஷம் நீ பூசியது. அதைத்தான் நான் காலத்தின் நிறம் என்று நம்பியிருந்தேன். பக்கவாட்டில், அச்சில் வார்த்த இரண்டு பாதியும் சேர்ந்த தழும்பு மேலிருந்து கீழ்வரை ஓடியது. அடிமுகத்தில் குங்குமம் கெட்டியாக அப்பியிருந்தது. அதைச் சுரண்டினேன். கோடுகள் ஒரே பக்கமாகப் போயின. நடுவில் ஊசி நுனி அளவுக்கு ஒரு குழி, விளிம்பு உருகிப் பழுப்பேறி இருந்தது. காய்ச்சிய ஊசியை வைத்துப் பார்த்த தடம். பிளாஸ்டிக் என்றால் உருகிக் குழி விழும், தந்தம் உருகாது; லேபில் நீ சோதிப்பது அப்படித்தான். குழிக்குள்ளும் குங்குமம் அடுக்கடுக்காக இறுகியிருந்தது. அது நேற்றைக்கு வைத்த ஊசி இல்லை. உன் அப்பா இருந்த காலத்திலேயே வைத்திருக்கிறாய்.

கேஸ் எதுவும் வராது, இது பிளாஸ்டிக் என்றேன். அவள் மூச்சு விட்டாள். பிறகு அந்தக் குழியைப் பார்த்தாள். அவளும் உன் லேபில் வளர்ந்தவள்தானே.

"அப்பாவுக்குத் தெரியுமா மாமா?"

"தெரியும்மா."

"அப்போ எங்கள எல்லாம் ஏமாத்திக்கினு இருந்தாரா?"

எனக்கும் உன்மேல் கோபம்தான். ஊரார் கத்தியையெல்லாம் கிழித்துத் தோரணம் கட்டினவன், உன் வீட்டுக் கத்தியைப் பற்றி நான் பெருமையடித்துத் திரிந்தபோது வாயை மூடிக்கொண்டிருந்தாய். அந்தக் கோபம் இன்னும் முழுதாகப் போகவில்லை. ஆனால் அவளுக்குப் பதில் சொல்ல யோசித்தபோதுதான் எனக்கு உறைத்தது. தந்தம் என்று உன் அப்பா சொன்னார், நான் சொன்னேன், உன் மருமகன் எழுதியே போட்டார். நீ ஒருதடவைகூடச் சொன்னதில்லை. அவளிடம் அதைத்தான் சொன்னேன். அவள் வெகுநேரம் அழுதாள். கத்தியைத் திரும்பவும் துண்டில் சுற்றி வீட்டுக்கே எடுத்துப் போனாள்.

ஏலப் படங்களை இப்போதும் பார்க்கிறேன். குறை கண்டுபிடித்தால் சொல்ல ஆள் இல்லை. போன மாதம் ஆயுத பூஜைக்கு உன் வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். உன் மகள் கத்தியைக் கழுவிச் சந்தனம் பூசினாள். குங்குமத்தைத் தொட்டு, அந்தக் குழியைத் தேடி, சரியாக அதன்மேல் பொட்டு வைத்தாள். சுண்டல் வாங்க வந்த பக்கத்து வீட்டுக்காரர் கைப்பிடியைக் காட்டி, தந்தமா என்று கேட்டார். அவளும் மருமகனும் என்னைப் பார்த்தார்கள். இந்த விஷயமெல்லாம் தெரிந்தவன் நான்தானே.

"அது அவங்க தாத்தாதுங்க" என்றேன்.