கோயில் வளைவில் ஒரு கும்பிடு

வட்டவளை, ஐப்பசி 1961

அன்புள்ள பேச்சியம்மாளுக்கு,

நீயும் பிள்ளைகளும் சுகந்தானே? நானும் சுகம். இடுப்பு மட்டும் என்னோடு கோபம்.

கட்டைமேல் நிறுத்திய பொய் லாரியில் சிவசாமி வாத்தியார் ஓட்டக் கற்பிப்பது சரியா என்று பார்த்துச் சொல்லத்தானே வந்தேன்? அவர் தேறினால்தான் தோட்டத்துத் துரை எனக்குத் தீபாவளி லீவு தருவார். மனுஷனோ, "கியரை மாத்து! முனியப்பன் கோயில் வளைவு வருது, கும்பிட்டுக்க!" என்கிறார். பழக வந்த பையன்கள் எல்லாரும் ஸ்டியரிங்கை விட்டு இரண்டு கையையும் கூப்புகிறார்கள். பொய் லாரி நின்ற இடத்திலேயே நிற்கிறது.

நேற்று அவர்களில் ஒருவனான அழகன் நிஜ லாரியை ஓட்ட, நான் பக்கத்தில் இருந்தேன். கோயில் வளைவிலும் அப்படியே கூப்பினான். தேயிலைக்குள் போய் நின்றோம். பயப்படாதே, யாருக்கும் அடியில்லை.

"ஏன்யா கையை விட்ட?"

"வாத்தியாரு அப்படித்தானுங்க சொல்லிக் குடுத்தாரு."

வாத்தியாரோ, "கும்பிட்டதாலதாங்க உசுரு தப்புச்சு" என்கிறார். இந்த ஆளை நான் எப்படித் தேற வைப்பேன்? தீபாவளி போச்சு.

பதுளையிலிருந்து ரயிலில் வருகிறவர் யாரிடமாவது இடுப்பில் தேய்க்க நல்லெண்ணெய் ஒரு போத்தல் கொடுத்தனுப்பு. இங்கும் கிடைக்கும், ஆனால் நீ காய்ச்சியதாக இருக்கட்டும்.

தபால்காரர் நிற்கிறார். ஒன்று மட்டும் சொல்கிறேன், துரை காதில் போடாதே: கைப்பிரேக்கை இழுக்க வேண்டிய நானும் அந்த நேரம் கும்பிட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

உன்,
மாயாண்டி