தூங்கிப்போன பெட்டிகள்

மார்ச் 3, திங்கள்

நாமக்கல் பண்ணையிலிருந்து மூன்றாவது பெட்டியும் திரும்பி வந்துவிட்டது. கோழிக் கொட்டகையின் நடுவில் தொங்கவிட்டால் சூட்டை அளந்து, முப்பத்தாறு டிகிரியைத் தாண்டியதும் பண்ணைக்காரரின் போனுக்குச் செய்தி அனுப்ப வேண்டிய பெட்டி. ஒருமுறை சார்ஜ் செய்தால் ஆறு மாதம் ஓடும் என்று நான்தான் எழுதிக் கொடுத்தேன். பதினேழாம் நாள் செத்துப்போயிருக்கிறது.

வழக்கம்போல வாசலிலேயே ஸ்பிரிட் போட்டுத் துடைக்கவைத்து, பிறகுதான் மேசைக்கு எடுத்தேன். கோழி எச்ச நாற்றத்தோடு எதுவும் உள்ளே வரக்கூடாது என்பது இந்த அஸ்தம்பட்டி அலுவலகத்தில் நான் போட்ட சட்டம். சார்ஜர் செருகியதும் உயிர் வந்துவிட்டது. பேட்டரியில் முக்கால்வாசி மிச்சம் இருக்கிறது. பிறகு ஏன் செத்தாய்?

மார்ச் 5, புதன்

இரண்டு நாளாக ஓடிக்கொண்டே இருக்கிறது. உறங்கும்போது குடிக்கும் மின்சாரம், விழித்துச் செய்தி அனுப்பும்போது குடிப்பது, பவர் சிப்பிலிருந்து வெளியே வரும் வோல்டேஜ் — எல்லாம் சரியாகவே இருக்கின்றன. ஹேர் டிரையரால் சூடு காட்டினேன். ஃப்ரீசரில் வைத்தேன். ஒன்றும் ஆகவில்லை. குறையே காட்டாத பொருளைப் பழுதுபார்ப்பதுபோல எரிச்சலான வேலை வேறில்லை.

மார்ச் 8, சனி

நேற்று இன்னும் இரண்டு. அதில் ஒன்று தொங்கிய கொட்டகையில் சூடு ஏறியது யாருக்கும் தெரியவில்லை. தண்ணீர் தெளிப்பானைப் போடுவதற்குள் நாற்பது கோழி போய்விட்டது.

கம்பெனியில் என் கூட்டாளி கௌசிக். விற்பது அவன், வடிவமைப்பது நான். பண்ணையில் திங்கட்கிழமைக்குள் எழுத்தில் காரணம் கேட்கிறார்களாம், இல்லையென்றால் அங்கே மாட்டிய இருபது பெட்டியும் திரும்பிவிடும். “எதாச்சும் ஒண்ணு எழுதிக் குடு பிரவீனா. தெரியலைன்னு மட்டும் எழுதாத,” என்றான்.

மார்ச் 10, திங்கள்

எழுதிக் கொடுத்துவிட்டேன். செத்த பெட்டிகளுக்குள் இருந்த ஐந்து போர்டையும் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தேன். ஒன்றில் மட்டும் பவர் சிப்பின் ஒரு காலில் ஈயம் மங்கலாகத் தெரிந்தது. மங்கல்தான், விட்டுப்போனது என்று அடித்துச் சொல்ல முடியாது. “சால்டரிங் குறைபாடு” என்று எழுதினேன். செய்தவர் பெயர் என்று ஒரு கட்டம் உண்டு. சௌந்திரம் என்று நிரப்பினேன். நான்கு வருடமாக எங்களுக்கு சால்டரிங் செய்வது அந்த அம்மாபேட்டை அக்கா ஒருவர்தான். வேறு எந்தப் பெயரை எழுத?

மார்ச் 11, செவ்வாய்

சௌந்திரம் அக்கா சிப்பின் அந்தக் காலை லென்ஸில் வெகுநேரம் பார்த்தார். “ஈயம் நல்லா ஏறியிருக்குதுங்க மேடம். மேல அழுக்கு இருக்குது, அவ்வளவுதான்,” என்றார். ரிப்போர்ட் நேற்றே போய்விட்டது என்றேன். விஷயம் முடியும்வரை வர வேண்டாம் என்று கௌசிக் சொன்னான். தன் சொந்த ட்வீசர் இடுக்கியை மட்டும் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். நான் மானிட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 16, ஞாயிறு

இருபதையும் கழற்றி வரவழைத்து, புதுப் போர்டு போட்டாயிற்று. எல்லாம் என் கையாலேயே சால்டர் செய்தேன். இரண்டு சரியாக ஒட்டவில்லை, மறுபடி செய்தேன். நாளை மாட்டுகிறார்கள். முதுகு கழன்றுவிட்டது.

மார்ச் 21, வெள்ளி

மூணு செத்துப்போச்சு. நான் செஞ்ச போர்டு.

மார்ச் 22, சனி

முதல் நாளே செய்திருக்க வேண்டியதை இன்று செய்தேன். செத்த எட்டுப் பெட்டிகளும் கடைசியாக எப்போது செய்தி அனுப்பின என்று எடுத்துப் பார்த்தேன். எட்டும் வெள்ளிக்கிழமை. காலை ஆறரைக்கும் ஏழுக்கும் நடுவில். சிப்புக்குக் கிழமை தெரியாது. பண்ணையில் இருக்கிற யாருக்கோ தெரிகிறது.

மார்ச் 28, வெள்ளி

முதல் பஸ்ஸில் நாமக்கல். பண்ணைக்காரர் செங்கோட்டையன், “காத்தாலயே வந்துட்டீங்களா அம்மணி,” என்று டீ கொடுத்தார். செத்த கோழிகளைப் பற்றிப் பேசவில்லை. பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆறரை மணிக்குக் கொட்டகையைப் பார்த்துக்கொள்ளும் சென்னம்மாள் ஒரு கிண்ணத்தோடு வந்தார். சுவிட்ச் போர்டுக்குச் சந்தனம், குங்குமம். தண்ணீர் மோட்டாருக்கு. தீவன வண்டிக்கு. பிறகு ஸ்டூலில் ஏறி என் பெட்டிக்கு. பெட்டியின் நடுவில் வட்டமாக இருப்பது பொத்தான் ஒன்றுதான், பொட்டு வைக்க அதைவிட வாகான இடம் கிடையாது. சந்தனம் தண்ணியாக இருந்தது, பொத்தானைச் சுற்றி உள்ளே இறங்கியது. நான் பச்சை விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் சிமிட்டுவது நின்றுவிட்டது.

எதற்காக இதற்கும் வைக்கிறீர்கள் என்று கேட்டேன். “கோழியக் காப்பாத்தற பொட்டிக்கு வெக்காம உடலாமுங்களா சாமி,” என்றார்.

மார்ச் 29, சனி

மேசையில் சந்தனம் கரைத்து வைத்துப் பார்த்தேன். ஆறில் நான்கு செத்தன. பெட்டியை ஊருக்கு அனுப்பும்போது பேட்டரி வீணாகாமல் இருக்க, பொத்தானைப் பத்து விநாடி அழுத்தினால் பவர் சிப் எல்லாவற்றையும் துண்டித்துவிட்டுத் தூங்கிவிடும். சார்ஜர் செருகினால்தான் எழும். பொத்தானடியில் ஈரம் நின்றால் விரல் அழுத்துகிறது என்று நினைத்துக்கொள்கிறது. அப்படி ஏமாறாமலிருக்க வெளியே ரெசிஸ்டர் என்கிற சின்ன மின்தடை ஒன்றைப் போடச் சொல்லி சிப்பின் குறிப்பேட்டில் ஒரு வரி இருக்கிறது. தேவையில்லை என்று விட்டவள் நான்.

வந்த ஒவ்வொரு பெட்டியிலும் சந்தனத்தைத் துடைத்து, சார்ஜரால் தூக்கத்தைக் கலைத்து, அதற்குப் பிறகு குறையைத் தேடியிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 31, திங்கள்

புது ரிப்போர்ட். ஈரத்தால் வந்த கோளாறு என்று மட்டும் எழுதினால் போதாதா என்றான் கௌசிக். வடிவமைப்புத் தவறு என்று எழுதி, பெயர்க் கட்டத்தில் என் பெயரைப் போட்டு அனுப்பினேன். மாலை செங்கோட்டையன் பேசினார். இனிமேல் சந்தனம் வைக்கலாமா என்பது ஒன்றுதான் அவருடைய கேள்வி. மின்தடை போட்டு அனுப்புகிறேன், தாராளமாக வைக்கலாம் என்றேன்.

ஏப்ரல் 2, புதன்

அம்மாபேட்டை போனேன். சௌந்திரம் அக்கா இப்போது கொலுசுப் பட்டறையில் பற்றவைக்கிறார். எல்லாவற்றையும் சொன்னேன், மன்னிப்பும் கேட்டேன். வேலைக்குத் திரும்பக் கூப்பிட்டேன். நிதானமாகத்தான் பேசினார். “திரும்ப வரலைங்க மேடம். யாராச்சும் என்னப் பத்திக் கேட்டா நடந்ததைச் சொல்லுங்க. அது போதும்.”

ஏப்ரல் 18, வெள்ளி

நாமக்கல்லில் முப்பத்தொன்பது டிகிரி. இருபதும் பேசுகின்றன.

மே 6, செவ்வாய்

மருத்துவக் கருவி செய்கிற ஒரு கம்பெனியிலிருந்து போன். சௌந்திரம் என்று ஒருவர் வேலை கேட்டு வந்திருக்கிறார், உங்களிடம் நான்கு வருடம் இருந்தாராமே, வேலை எப்படி என்று கேட்டார் ஒருவர். அவர் செய்த இருபது போர்டையும் மறுபடி பிரித்துப் பார்த்தேன், ஒரு குறை இல்லை, நான் செய்ததில்தான் இரண்டு என்றேன். பிறகு ஏன் அவரைப் போகவிட்டீர்கள் என்றார். தவறு என்னுடையது, காரணம் தெரியாமலே ரிப்போர்ட்டில் அவர் பெயரை எழுதி நிறுத்திவிட்டோம் என்றேன்.



“அப்படியாங்க? அவங்க இதெல்லாம் சொல்லவே இல்லையே. ஆர்டர் கம்மியாயிருச்சு, நானே நின்னுக்கிட்டேன்னு தான் சொன்னாங்க,” என்றார்.

அக்காவைத் திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொல்கிறார்களாம்.