நகமில்லாத பெருவிரல்

பழுகாமம்
28.07.2025

அன்புள்ள மச்சான் டிலக்சனுக்கு,

இங்கு எல்லோரும் சுகம். உன்னோடு போனில் கதைத்தால் இங்கே உன் மனைவி ஓடிவந்து போனைப் பறித்துக்கொள்வாள். என் தங்கச்சி தக்ஷாயினியைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டுமா? அதனால் வழக்கம்போல எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன்.

எங்கள் ஐஸ் தொழிற்சாலையைப் புது முதலாளி வாங்கிவிட்டார். சான்றிதழ் இல்லாதவன் கம்பிரசர் அறைக்குள் கால் வைக்கக் கூடாதாம். ஐஸ் உறையவைக்கும் அமோனியா வாயுவைப் பத்தொன்பது வருடம் அந்த அறையில் மூக்கால் குடித்தவன் நான்! அனுபவக்காரர்கள் வகுப்புக்குப் போகாமலே சான்றிதழ் எடுக்கலாமாம். செய்த வேலைகளைப் படத்தோடு கோப்பாக்கி, மதிப்பீட்டாளரின் கேள்விகளுக்குப் பதில் சொன்னால் போதும். ஆறு வருடத்துக்கு முன் கம்பிரசரில் வாயு கசியாமல் அடைக்கும் சீலை நான் மாற்றும்போது நீ பக்கத்தில் நின்று எடுத்து எனக்கும் அனுப்பிய படங்களைத்தான் ஒட்டியிருக்கிறேன்.

வியாழக்கிழமை மதிப்பீடு. நீயும் இதே வழியில் சான்றிதழ் எடுத்துத்தானே தோஹாவுக்குக் கம்பிரசர் வேலைக்குப் போனாய், என்ன கேட்பார்கள்? "மச்சான், மெசின் இப்பிடிச் சத்தம் போட்டா என்ன செய்வீங்க?" என்று சத்தத்தைப் பதிந்து அனுப்பிக் கிழமைக்கு இரண்டு தரம் என்னைச் சோதிக்கிறாயே, அந்த மாதிரியா?

அன்பு மச்சான்,
யோகராசா

தோஹா
30.07.2025

அன்பு மச்சானுக்கு,

அவசரமாக எழுதுகிறேன். அந்தப் படங்களை வைக்க வேண்டாம். தெளிவில்லாத படங்கள். மதிப்பீட்டை அடுத்த மாதத்துக்குத் தள்ளிப் போடுங்கள், நான் வேறு படம் அனுப்புகிறேன். தயவுசெய்து நாளைக்குப் போக வேண்டாம்.

டிலக்சன்

பழுகாமம்
31.07.2025

டிலக்சன்,

நீ சொன்னதை நம்பிப் படம் மங்கல் என்றுதான் நினைத்தேன். பெரிதாக்கிக் கழுவி எடுத்துக்கொண்டு, காலையிலேயே குருமண்வெளிப் பாதைப் படகில் ஏறி வாவியைக் கடந்து போனேன்.

மதிப்பீட்டாளர் பேர்னாட் ஐயா கோப்பைப் புரட்டினார். எழும்பிப் போய் அலுமாரியிலிருந்து ஒரு பழைய கோப்பை எடுத்து வந்து என் கோப்புக்குப் பக்கத்தில் விரித்தார். அதே படங்கள். ஒன்பதும். மேலே உன் பெயர்.

"இது ஆருட கை?" என்று கேட்டார்.

கம்பிரசர் பெல்ட்டில் நகம் போன என் பெருவிரல் இரண்டு கோப்பிலும் இருக்கிறது, மச்சான். கையை மேசையில் வைத்துக் காட்டினேன்.

படிவம் ஒன்று தந்திருக்கிறார். படங்களில் இருப்பது என் கையும் என் வேலையும் என்று நான் முறைப்பாடு எழுதிக் கையெழுத்திட்டால் உன் சான்றிதழ் ரத்து. பதினான்கு நாளுக்குள் கொடுக்காவிட்டால் நான்தான் கள்ளன், என் விண்ணப்பம் குப்பையில்.

நீ என்னைச் சோதிக்கவில்லை, இல்லையா? தெரியாமல்தான் கேட்டிருக்கிறாய். பாதையில் திரும்பி வரும்போதுதான் அது உறைத்தது. பதில் எழுது.

யோகராசா

தோஹா
10.08.2025

மச்சான்,

பத்து நாளாக எழுதிக் கிழிக்கிறேன். ஓம், செய்தேன். பிள்ளை பிறக்க இருந்த நேரம். கேள்விகளுக்கு நீங்கள் வேலை செய்யும்போது சொன்னதை மனப்பாடம் செய்துகொண்டு போய் ஒப்புவித்தேன். இங்கே வந்தபின் ஒவ்வொரு நாளும் பயந்து பயந்துதான் வாழ்கிறேன்.

படிவத்தில் கையெழுத்து வைக்காதீர்கள். தக்ஷாயினிக்கு ஒன்றும் தெரியாது. வேலை போனால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவார்கள். உங்கள் காலைப் பிடிக்கிறேன்.

இதையும் கேட்க வெட்கமாக இருக்கிறது. இங்கே பெரிய கம்பிரசரின் சீலில் அமோனியா மணம் வருகிறது, கண் எரிகிறது. வெள்ளிக்கிழமை அதை நான்தான் திறக்க வேண்டும் என்று மனேஜர் சொல்லிவிட்டார். உள்ளே எட்டுப் பேர் வேலை செய்வோம். எந்த வால்வை முதலில் பூட்ட வேண்டும், மச்சான்?

டிலக்சன்

பழுகாமம்
12.08.2025

டிலக்சன்,

உன் கடைசிக் கேள்வியை வாசித்ததும் என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. பயம் மட்டும்தான் மிச்சம்.

வால்வைச் சொல்ல மாட்டேன். சொன்னால் நீ திறப்பாய். உள்ளே அடைபட்ட அமோனியா முகத்தில் அடித்தால் கத்தக்கூட மூச்சு இருக்காது. கடிதத்தில் படித்துவிட்டுச் செய்யும் வேலையில்லை அது. சத்தத்துக்கு நான் சொன்ன பதில்களால்தான் நீ ஆறு வருடம் அந்த அறையில் நின்றாய் என்று நினைக்க எனக்கு நித்திரை இல்லை.

நேற்று தக்ஷாயினி வந்தாள். "அண்ணா, அவருக்குச் சம்பளம் கூட்டப் போறாங்களாம், மண்டூர்த் திருவிழாவுக்குப் பிள்ளைக்குச் சங்கிலி எடுக்கோணும்" என்றாள். அவளுடைய முகத்தை நான் பார்க்கவில்லை.

இன்று காலை படிவத்தில் கையெழுத்து வைத்துக் கொடுத்துவிட்டேன். அதைப் படம் பிடித்து உன் மனேஜருக்கும் அனுப்பினேன். நம்பர் உன் மனைவியிடம் வாங்கியது, எதற்கென்று அவளுக்குச் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை உன்னை அந்த அறைக்குள் விடமாட்டோம் என்று பதில் வந்துவிட்டது.

யோகராசா தன் வேலைக்காக மச்சானின் சோற்றில் மண் போட்டான் என்று ஊர் சொல்லும். தங்கச்சி இனி என் வீட்டு வாசலை மிதிக்க மாட்டாள். என்னைத் திட்டட்டும். கழுத்தில் தாலியோடு இருந்து திட்டட்டும்.

எந்த விமானம் என்று மட்டும் அறிவி. கட்டுநாயக்கவுக்கு நான் வருவேன், நீ முகம் கொடுக்காவிட்டாலும்.

யோகராசா