தண்டபாணி என்ற பெயரில் அண்ணன்

6-8-91, செவ்வாய்

வெயில். மதியம் புழுக்கம். டெய்லர் கடை ஜாக்கெட்டுகளுக்கு ஹூக் வைத்து முடித்தேன். இன்னும் ஒரு கட்டு பாக்கி. கண் எரிச்சல்.

சாயங்காலம் ஸ்ரீபெரும்புதூர் கம்பெனியிலிருந்து கோபால் சார் வந்தார். கம்பெனியின் ஃபுட்பால் டீமைப் பார்த்துக்கொள்பவராம். கூட எங்கள் ஊர் டீம் கேப்டன் பாபு அண்ணன். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். அங்கிருந்தே எல்லாம் கேட்டது.

ஆகஸ்ட் 15 டோர்னமெண்டுக்கு அண்ணனை லோனில் கேட்கிறார்கள். முடிந்ததும் திரும்ப ஊர் டீமுக்கே. நன்றாக ஆடினால் கம்பெனி வேலைக்குச் சொல்கிறேன் என்றார் கோ. சார். அம்மா அந்த ஒரு பேச்சைத்தான் பிடித்துக்கொண்டாள்.

பாபு அண்ணன்: "குடுக்கிறேன் சார். முன்னாடி ஆடி கோல் போடுற பையன். முழு காலோட திருப்பித் தரணும்."

அம்மா: "ஆடு வாங்க லோன் கேட்டா பேங்க்ல துரத்துறான். இங்க ஆளையே லோன் கேக்கறான்."

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன்தான் அதிகம்.

9-8-91, வெள்ளி

தூறல். துணி காயவில்லை.

அண்ணன் மூன்று நாளாக ஒரகடம் கூட்ரோட்டில் கம்பெனி பஸ் ஏறிப் பிராக்டிஸுக்குப் போகிறான். இன்று சட்டை கொடுத்திருக்கிறார்கள். மஞ்சள், ஐந்தாம் நம்பர். ஊர் டீமில் அவன் ஒன்பது.

கம்பெனி டீமில் கம்பெனி ஆட்கள் மட்டும்தான் ஆடலாமாம். அதனால் டோர்னமெண்ட் கமிட்டியிடம் அண்ணன் பெயர் சாமுவேல் இல்லை, தண்டபாணி. நிஜ தண்டபாணி அங்கே மெஷினில் வேலை பார்க்கிறவர்.

"பேரு அவருது. காலு என்னுது" என்றான்.

சாப்பிடும்போது அம்மா, "தண்டபாணி, இன்னும் கொஞ்சம் கொழம்பு ஊத்தட்டா?" நானும் சிரித்தேன். வீட்டுக்குள் எனக்குச் சிரிக்க வரும்.

வெளியே மூச்சு விடக் கூடாது என்று என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னான். நான் யாரோடு பேசுகிறேன், சொல்வதற்கு.

11-8-91, ஞாயிறு

காலை கோயில். பாதிரியார் பிரசங்கம் நீளம். முதல் மேட்ச், கம்பெனி ஜெயித்தது.

அண்ணன் முழங்காலுக்குக் கீழே தோல் உரிந்து வந்தான். முன்னால் ஆடவில்லையாம். பின்னால் நிற்க வைத்தார்களாம், லோனில் வந்த மூன்று பேரையும்.

ஏன் என்று கேட்டேன். கம்பெனி ஆட்களுக்கு மறுநாள் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட். அடிபட்டு லீவு போட்டால் சூப்பர்வைசர் கத்துவார். அதனால் அடி விழுகிற இடத்தில் வெளி ஆள்.

அவன் அதைப் பெருமையாகச் சொன்னான். "கஷ்டமான எடம்னா எங்களதான் கூப்புடறாங்க."

பாபு அண்ணன் கேட்டுவிட்டு, "பேக்ல நிக்க வெச்சாங்களா? நான் குடுத்தது ஃபார்வர்டு" என்றார். டீ கூடக் குடிக்கவில்லை.

சட்டையில் ரத்தக் கறை. சோப்புக்குப் போகவில்லை. எலுமிச்சை தேய்த்தேன்.

14-8-91, புதன்

இரண்டாவது மேட்சும் ஜெயம். கணுக்கால் வீக்கம், செருப்பு நுழையவில்லை. மைக்கில் "தண்டபாணி பிரமாதம்" என்றார்களாம். அதைச் சொல்லும்போது அவன் முகம் ஒரு மாதிரி இருந்தது.

அம்மா: "நாளைக்கு நீ போய் நில்லுடி. தங்கச்சி பாக்குதுன்னா கொஞ்சம் அடங்கி ஆடுவான்."

நான் போக மாட்டேன் என்றேன். அவளுக்குக் களை எடுக்கும் வேலை. வேறு யார் இருக்கிறார்கள்.

15-8-91, வியாழன்

கட்டுத் துணி, மஞ்சள் பத்து, ஒரு பாட்டில் தண்ணீர். பஸ்ஸில் கூட்டம். மே மாதக் குண்டுவெடிப்புக்குப் பிறகு ஸ்ரீபெரும்புதூரில் நாலு பேர் கூடினாலே போலீஸ். கிரவுண்டிலும் இருந்தார்கள். பெண்கள் என்று பார்த்தால் வேர்க்கடலை விற்கிற அக்கா ஒருத்திதான். அவள் பக்கத்தில் நின்றுகொண்டேன்.

தாம்பரம் டீமோடு செமிஃபைனல். அண்ணன் நொண்டிக்கொண்டேதான் ஆடினான். இரண்டாவது பாதியில் இரண்டு பேர் மோதி அவன் மேலேயே விழுந்தார்கள். அவர்கள் எழுந்தார்கள். அவன் எழவில்லை.

கோ. சார் கோட்டுக்கு வெளியே நின்று, "ஏந்திரி, ஏந்திரி, டைம் போவுது" என்றார். யாரும் கிட்டே போகவில்லை.

நான் கத்திவிட்டேன். "சாமுண்ணா."

எனக்கு அவ்வளவு குரல் இருப்பது எனக்கே தெரியாது. எல்லோரும் திரும்பினார்கள். பக்கத்தில் துண்டு போட்டிருந்த ஒரு ஆள், "யாரும்மா சாமு? அஞ்சாம் நம்பரு தண்டபாணின்னுல்ல மைக்ல சொன்னான்?"

"எங்க அண்ணன்" என்றேன். பொய் சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை.

அவர் தாம்பரம் டீம் ஆள். நேராகக் கமிட்டி மேஜைக்குப் போனார். மேட்சை நிறுத்தினார்கள். அண்ணனைக் கூப்பிட்டு அப்பா பெயர் கேட்டார்கள். அவன் என்னைப் பார்த்தான். பிறகு நிஜத்தைச் சொன்னான். கம்பெனி டீமை வெளியேற்றிவிட்டார்கள்.

கம்பெனி வேன் அவனை ஏற்றாமலே கிளம்பியது. என் தோளைப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை வந்தான். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

16-8-91, வெள்ளி

காலையில் மழை. பாபு அண்ணன் வாசலிலேயே நின்றார். "ஆளைக் குடுத்தேன். பேரையுமாடா மாத்திக்கச் சொன்னேன்? ஒரு வருஷம் நீ எந்த டீமுக்கும் ஆடக் கூடாதுன்னுட்டாங்க. இப்போ எனக்கும் இல்ல, கம்பெனிக்கும் இல்ல."

அம்மா, எப்படித் தெரிந்தது என்று கேட்டாள். அண்ணன், "யாரோ பாத்துட்டாங்க" என்றான். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

வேலை போனது என்னால். எழுதி வைக்கிறேன், வேறு எங்கேயும் சொல்ல முடியாது.

19-8-91, திங்கள்

அண்ணன் ஷேவ் செய்துகொண்டு கூட்ரோட்டுக்குப் போனான். வேலை விஷயம் திங்கட்கிழமை பேசலாம் என்று கோ. சார் முன்பே சொல்லியிருந்தாராம். கம்பெனி பஸ் நிற்காமல் போய்விட்டது. டிரைவர் கவனித்திருக்க மாட்டார் என்கிறான். நாளைக்கும் போவானாம்.

ஹூக் வைத்ததில் இரண்டு ஜாக்கெட் தப்பு. பிரித்துத் தைக்க வேண்டும்.

21-8-91, புதன்

மதியம் சைக்கிள் மணி. கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். ஒல்லியாக, காதோரம் நரைத்த ஒருவர். "நான்தான்மா தண்டபாணி. சட்டை வாங்கினு போலாம்னு வந்தேன்."

அவர் இப்படி இருப்பார் என்று நினைக்கவில்லை. அண்ணன் கூட்ரோட்டில். அம்மா வயலில். சட்டையை மடித்துக் கொடுத்தேன், தண்ணீரும்.

குடித்துவிட்டு, "உங்க அண்ணன் டெய்லி ரோட்ல நிக்கிறான், பஸ்லேருந்து பாக்கறேன். மனசு கேக்கல தங்கச்சி. வருஷா வருஷம் லோன்ல ஆளு எடுக்கறாங்க. போன வருஷம் எம் பேர்ல வேற பையன் ஆடுனான், முட்டி போச்சு. வேல தரேன்னுதான் அவனாண்டையும் சொன்னாங்க. ஒருத்தனையும் உள்ள எடுக்கல. சட்டைய மட்டும் கரெக்டா எண்ணி வாங்கி வெச்சிடுவாங்க."

"உங்களுக்கு ஒண்ணும் ஆகலையா?" என்று கேட்டேன். வெளி ஆளிடம் நானாக இவ்வளவு பேசியது இல்லை.

"மெமோ குடுத்துகீறாங்க. பாப்போம்."

அவர் போனதும் எனக்கு ஒரு நிமிஷம் நிம்மதி. வேலை என்னால் போகவில்லை, அப்படி ஒரு வேலையே இல்லை. பிறகு அண்ணன் ரோட்டில் நிற்பது நினைவுக்கு வந்தது. அந்த நிம்மதி பிடிக்கவில்லை.

22-8-91, வியாழன்

காலையிலேயே கூட்ரோட்டுக்குப் போனேன். அண்ணன் மதகுச் சுவரில் உட்கார்ந்திருந்தான். பஸ் வந்தது. எழுந்து கை காட்டினான். போய்விட்டது. தண்டபாணி சொன்னதை அப்படியே சொன்னேன். நடுவில் நிறுத்தினால் வராது என்று ஒரே மூச்சில்.

அவன் கணுக்காலைத் தடவிக்கொண்டிருந்தான்.

"அம்மாகிட்ட சொல்லாத."

23-8-91, வெள்ளி

வெயில். அண்ணன் இன்றும் ஷேவ் செய்தான். வெள்ளைச் சட்டை. அம்மா கோழிமுட்டை அவித்து டிபன் பாக்ஸில் வைத்தாள். "இன்னிக்கு கண்டிப்பா நிறுத்துவான், பாரேன்" என்றாள். "நிறுத்துவாம்மா" என்றான். டிபனை நான்தான் வாசல் வரை கொண்டுபோய்க் கொடுத்தேன். என்னைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டான்.